கேஸ் வாட்டர் ஹீட்டர் தேர்வு: லிட்டர் கணக்குக்கு முன் புகைக் கணக்கு

மின்சார வாட்டர் ஹீட்டரின் பெட்டியில் ‘15 லிட்டர்’ என்று அச்சிட்டிருந்தால், அதன் தொட்டி 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று பொருள். கேஸ் வாட்டர் ஹீட்டரின் பெட்டியில் ‘6 லிட்டர்’ என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அதற்குள் தொட்டியே இருக்காது. ஒரு நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை அது சூடாக்கித் தரும் என்பதே அதன் பொருள். ஒரே அலகு இரண்டு வேறு பொருள்களில் வழங்குவதால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் ஆறைவிடப் பதினைந்து பெரியது என்று எண்ணித் தவறான முடிவுக்குப் போகிறார்கள்.

ஆனால் இந்த லிட்டர் எண்ணே மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய ஒன்று. ஹீட்டரில் எரியும் வாயுவின் புகை எந்த வழியாக வீட்டைவிட்டு வெளியேறும் என்பது முதல் கேள்வி. தண்ணீர் என்ன அழுத்தத்தில் வந்து சேரும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் எந்த வகை பொருந்தும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். அதன் பிறகு அளவைக் கணக்கிடுவது எளிய பெருக்கல்தான்.

பெட்டிக்குள் நடப்பது என்ன

கேஸ் ஹீட்டரின் அடிப்பகுதியில் பர்னர் இருக்கிறது. அதற்கு மேலே, மெல்லிய செம்புத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட வெப்பமாற்றி இருக்கிறது. தண்ணீர் இந்தத் தகடுகளின் ஊடே செல்லும் செம்புக் குழாயில் ஓடுகிறது. சுடரிலிருந்து எழும் சூடான வாயுக்கள் தகடுகளின் இடுக்குகளில் நுழைந்து, வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மேலே வெளியேறுகின்றன. சூடான குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஓடத் தொடங்குகிறது. அந்த ஓட்டத்தை ஒரு சவ்வு அல்லது ஓட்ட உணரி கண்டுகொண்டு வாயுவைத் திறக்கிறது. பொறி தட்டிச் சுடர் பிடிக்கிறது. குழாயை மூடினால் ஓட்டம் நின்று சுடரும் அணைகிறது.

இதில் எவ்வளவு தீ எரிகிறது என்பதை வாங்குபவர்கள் அரிதாகவே எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.19 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்த வேண்டுமானால் அதற்கு 10.5 கிலோவாட் வெப்பம் தேவை. எரிவதில் ஒரு பகுதி புகையோடு போய்விடுவதால், பர்னரில் எரிய வேண்டியது 12 கிலோவாட்டுக்குச் சற்று மேல். சமையல் அடுப்பின் பெரிய பர்னர் முழு வீச்சில் எரியும்போது ஏறத்தாழ 3 கிலோவாட். சந்தையில் கிடைப்பவற்றில் சிறியதாகக் கருதப்படும் ஹீட்டரே, நான்கு பெரிய பர்னர்களை ஒரே நேரத்தில் முழுமையாகத் திறந்து வைத்ததற்குச் சமம்.

அந்தத் தீ எவ்வளவு காற்றை உண்ணும்

வாயு முழுமையாக எரிந்தால் கிடைப்பவை கார்பன் டை ஆக்சைடு, நீராவி, வெப்பம். ஆக்சிஜன் போதாதபோது எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், கால் தளர்வு என்ற வரிசையில் அறிகுறிகள் தோன்றும். வெந்நீரில் நெடுநேரம் நின்றதால் வந்த களைப்பு என்று அவற்றைத் தவறாக எண்ணிவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. கதவைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் வரும்போது, எழுந்து நிற்கும் வலு உடலில் இருக்காது.

ஒரு குளியலறையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 2.4 மீட்டர் என்றால் அதில் உள்ள காற்று 7.2 கன மீட்டர். ஒரு கிலோவாட் தீ ஒரு மணி நேரம் எரிய ஏறத்தாழ ஒரு கன மீட்டர் காற்று வேண்டும். ஆகவே 12 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 12 கன மீட்டர் காற்றைக் கேட்கும். கதவும் சன்னலும் மூடிய அந்த அறையில் புகைக்குழாய் இல்லாத ஹீட்டர் நான்கு நிமிடம் எரிந்தாலே, 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆக்சிஜன் இந்த அளவுக்குக் குறையத் தொடங்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு உருவாவதும் கூடுகிறது. நான்கு நிமிடம் என்பது தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சோப்புப் போடும் நேரம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் புகையைப் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

‘கீசர்’ என்று நாம் வழங்கும் பெயரின் வரலாற்றிலும் இந்தப் பாடம் இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மோகன் என்பவர் 1868-இல் குளியலறைக்கான கேஸ் வாட்டர் ஹீட்டரை உருவாக்கி, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார். புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாய் அதில் இல்லை. அந்தக் குறையே அதை ஆபத்தான கருவியாக்கியது. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும் அதே குறையோடு ஒரு ஹீட்டரைக் குளியலறைச் சுவரில் மாட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

புகை வெளியேறும் நான்கு முறைகள்

1. புகைக்குழாய் இல்லாதவை. எரிய வேண்டிய காற்றை அறையிலிருந்தே எடுத்து, புகையையும் அறைக்குள்ளேயே விடுகின்றன. விலை குறைவு, பொருத்துவது எளிது என்பதால் அதிகம் வாங்கப்படுகின்றன. குளியலறைக்கோ படுக்கையறைக்கோ இவை எக்காரணத்தாலும் கூடாது. மழை படாத, நன்கு திறந்த வெளியில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய்வழியே உள்ளே கொண்டுவருவதே இவற்றுக்கு ஏற்ற வழி.

2. இயல்பான இழுப்பில் புகையை அனுப்புபவை. சூடான புகை இலேசானது. செங்குத்தான குழாயில் அது தானே மேலேறும். இதற்குக் குழாய் போதிய உயரத்துக்கு நேராக எழ வேண்டும், வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும், வெளிமுனையில் எதிர்க்காற்று தாக்கக்கூடாது. எரிவதற்கான காற்றை இவையும் அறையிலிருந்தே எடுப்பதால், சுவரில் நிரந்தரமான காற்றுத் திறப்பு வேண்டும். இந்த வகையின் மிகப் பெரிய எதிரி எக்ஸாஸ்ட் ஃபேன். கதவை மூடிக்கொண்டு ஃபேனைப் போட்டால், அறையிலிருந்து வெளியேறும் காற்றை ஈடுசெய்ய வேறு காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எளிதாகத் திறந்திருக்கும் வழி புகைக்குழாய்தான். காற்றை நல்லதாக்கப் போட்ட ஃபேன், வெளியே போன புகையைத் திரும்ப அறைக்குள் இழுத்துவிடுகிறது.

3. விசிறியால் புகையைத் தள்ளுபவை. ஹீட்டருக்குள் உள்ள சிறு விசிறி புகையை வெளியே செலுத்துகிறது. குழாய் கிடைமட்டமாகச் சுவரைத் தாண்டினால் போதும். விசிறி ஓடவில்லை என்றால் வாயு திறக்காது. ஆனால் மின்சாரம் வேண்டும். எரிவதற்கான காற்றை இதுவும் வீட்டுக்குள்ளிருந்தே எடுக்கிறது.

4. அறையோடு தொடர்பில்லாதவை. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழாயில், வெளிக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வருகிறது, உட்குழாய் வழியாகப் புகை வெளியேறுகிறது. எரிதல் முழுவதும் ஹீட்டருக்குள் உள்ள மூடிய பெட்டியில் நடக்கிறது. வீட்டுக்கு உள்ளே வைத்தே தீர வேண்டும் என்ற நிலையில் தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான். விலை கூடுதல் என்பது உண்மை. அந்தக் கூடுதல் விலைக்குக் கிடைப்பது, தீ உண்ணும் காற்றும் வீட்டார் சுவாசிக்கும் காற்றும் தனித்தனியாகிவிடும் நிலை.

வெளிச்சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஹீட்டர்களும் உள்ளன. இடம் இருந்தால், உள்ளே வைப்பதைவிட வெளியே வைப்பதே எப்போதும் மேல். அப்போதும் புகை வெளிவரும் வாய்க்கும் சன்னல், கதவு, காற்றுத் திறப்பு ஆகியவற்றுக்கும் இடையே தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடைவெளி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டின் சன்னலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்ணீர் அழுத்தம்: ஹீட்டர் எரியுமா என்பதை முடிவு செய்வது

தொட்டியில்லாத ஹீட்டருக்குத் தண்ணீர் ஓட்டமே சுவிட்ச். குறைந்தபட்ச ஓட்டம் இல்லாவிட்டால் அது பற்றாது. பல மாடல்களில் இந்த எல்லை நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் அளவில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து புவியீர்ப்பால் மட்டுமே தண்ணீர் வரும் வீடுகளில் இது முக்கியமான தடை. தொட்டியின் நீர்மட்டம் ஹீட்டரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் ஒரு பார். 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார் மட்டுமே. அதிலும் ஒரு பகுதி குழாய் வளைவுகளிலும் ஷவர் துளைகளிலும் கரைந்துபோகும். மேல்மாடிக் குளியலறையில் ஹீட்டர் பற்றாமல் ‘டக், டக்’ என்று பொறி மட்டும் தட்டிக்கொண்டிருப்பதற்கும், அதே ஹீட்டர் கீழ்த்தளத்தில் ஒழுங்காக எரிவதற்கும் இதுதான் காரணம்.

இதோடு தொடர்புடைய இன்னொரு சிக்கல், வாங்கிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது. தண்ணீர் அதிகச் சூடாக வருகிறது என்று ஷவரில் குளிர்நீரைக் கலக்கும்போது, வெந்நீர்க் குழாயின் ஓட்டம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஹீட்டருக்குள் ஓட்டம் குறைந்ததும், மீதித் தண்ணீர் இன்னும் அதிகமாகச் சூடேறுகிறது. மேலும் குளிர்நீரைத் திறந்தால் ஓட்டம் எல்லைக்குக் கீழே போய்ச் சுடர் அணைந்து, ஷவரில் பச்சைத்தண்ணீர் கொட்டுகிறது. இதற்குத் தீர்வு ஷவரில் கலப்பதன்று. ஹீட்டரிலேயே வெப்பத்தைக் குறைத்து வைத்து, வெந்நீரை மட்டும் திறப்பதே.

ஆகவே வாங்குமுன் ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். குழாயை முழுவதும் திறந்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் போதும். இரண்டு நிமிடம் ஆனால் ஓட்டம் நிமிடத்துக்கு 5 லிட்டர். அந்தக் குழாய்க்கு 16 லிட்டர் ஹீட்டரை வாங்குவது, வராத தண்ணீரைச் சூடாக்கப் பணம் கொடுப்பதாகும்.

லிட்டர் கணக்கு

பெட்டியில் உள்ள லிட்டர் எண், பெரும்பாலும் தண்ணீரின் வெப்பம் 25 டிகிரி உயர்வதை அடிப்படையாகக் கொண்டது. எந்த அடிப்படை என்று குறிப்பிடாத எண்ணால் பயன் இல்லை. நம்பத்தக்கது கிலோவாட் எண்தான். கணக்கு இது:

நிமிடத்துக்கு லிட்டர் × உயர வேண்டிய டிகிரி × 0.07 = தேவையான கிலோவாட்

ஆண்டின் மிகக் குளிர்ந்த நாளில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்றும், குளிக்க 40 டிகிரி வேண்டும் என்றும் கொண்டால், உயர வேண்டியது 25 டிகிரி. ஒரு ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் 14 கிலோவாட் போதும். இரண்டு ஷவர்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமானால் 28 கிலோவாட். ஒப்பீட்டுக்குச் சொல்வதானால், 3 கிலோவாட் மின்சார உடனடி ஹீட்டர் இதே 25 டிகிரி உயர்வை நிமிடத்துக்கு 1.7 லிட்டருக்கு மட்டுமே தர முடியும். கேஸ் ஹீட்டரின் பலம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

அதிகத் திறன் எப்போதும் நல்லது என்பதும் சரியன்று. ஒவ்வொரு பர்னருக்கும் அதற்குக் கீழே குறைக்க முடியாத ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை 5 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் 30 டிகிரியில் வரும் தண்ணீர் நிமிடத்துக்கு 3 லிட்டர் மட்டும் ஓடினால், மிகக் குறைந்த சுடரிலேயே அது 54 டிகிரியை நெருங்கிவிடும். கை கழுவ முடியாத சூடு அது. ஆகவே அதிகபட்சத் திறனைப் போலவே குறைந்தபட்சத் திறனையும் கேட்டு அறிய வேண்டும். விற்பவர் தானாக இதைச் சொல்வது அரிது.

தொட்டி உள்ளதா, இல்லாததா

தொட்டியுள்ள கேஸ் ஹீட்டர் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கிக் காத்துவைக்கிறது. 8 கிலோவாட் வெப்பம் தரும் சிறிய பர்னரே 100 லிட்டரை ஏறத்தாழ 35 நிமிடத்தில் 40 டிகிரி உயர்த்திவிடும். ஒரே நேரத்தில் பல குழாய்களுக்குத் தரலாம். ஓட்டம் குறைவாக இருந்தாலும் கவலையில்லை. குறைகள் மூன்று: யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் சுவர் வழியாக வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும், தீர்ந்துவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும், இடம் அடைக்கும். தொட்டியின் கொள்ளளவு முழுவதும் சூடாகவே வந்துவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அடியில் குளிர்நீர் புகுந்து கலப்பதால், 70 சதவீதம் அளவுக்குத்தான் நல்ல சூட்டில் கிடைக்கும்.

இடைவிட்டுச் சிறிதளவு பயன்படுத்தும் வீட்டுக்குத் தொட்டியில்லாததும், அழுத்தம் மிகக் குறைவாகவோ ஒரே வேளையில் தேவை அதிகமாகவோ உள்ள வீட்டுக்குத் தொட்டியுள்ளதும் பொருந்தும். எதுவானாலும் ஹீட்டரைக் குளியலறைக்கு அருகில் வைப்பது நல்லது. உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.18 லிட்டர் தண்ணீர் நிற்கும். 12 மீட்டர் தூரம் என்றால், ஒவ்வொரு முறையும் 2 லிட்டருக்கு மேல் குளிர்நீர் போன பிறகே வெந்நீர் வரும்.

சிலிண்டர் வாயுவும் குழாய் வாயுவும் ஒன்றல்ல

எல்பிஜி என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. குழாயில் வரும் இயற்கை வாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவில் எல்பிஜி இயற்கை வாயுவைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பம் தரும். எனவே இயற்கை வாயுவுக்கான பெரிய ஜெட் துளையில் எல்பிஜியை இணைத்தால் சுடர் பொங்கி, மஞ்சளாகி, கரி படிந்து, கார்பன் மோனாக்சைடு பெருகும். எந்த வாயுவுக்கானது என்பது ஹீட்டரின் பெயர்த்தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்ற வேண்டுமானால் தயாரிப்பாளர் தரும் ஜெட் தொகுதியைக் கொண்டு தகுதிபெற்ற தொழில்நுட்பர் மட்டுமே மாற்ற வேண்டும்.

கசிந்தால் இரண்டும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலேறிக் கலையும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையோடு படிந்து, பள்ளங்களிலும் வடிகால்களிலும் தேங்கும். சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறையில் வைக்கக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

சிலிண்டருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. உள்ளே திரவமாக இருக்கும் எல்பிஜி, ஆவியாவதற்கான வெப்பத்தைச் சிலிண்டரின் சுவர் வழியாகச் சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. 28 கிலோவாட் வெந்நீர் தரும் ஹீட்டர் முழு வீச்சில் எரிந்தால் மணிக்கு இரண்டரைக் கிலோ அளவில் எல்பிஜி வேண்டும். சிறிய சிலிண்டர் ஒன்றால் அந்த வேகத்துக்குத் தொடர்ந்து ஈடுகொடுக்க முடியாது. வெளிப்புறம் வியர்த்து, குளிர்காலத்தில் உறைபனியும் படரும். அழுத்தம் இறங்கிச் சுடர் தளரும். ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும், ஆனால் பழுது இல்லை. பெரிய ஹீட்டருக்கு இணைத்த சிலிண்டர்களும், அதன் தேவைக்கு ஏற்ற ரெகுலேட்டரும் குழாயும் வேண்டும். அடுப்போடு வந்த ரெகுலேட்டரையே இதற்கும் பயன்படுத்தலாமா என்பதை, அதன் மீது அச்சிட்டுள்ள மணிக்கான கிலோ அளவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வெப்ப அளவும் தோலும்

60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடி அளவில் கடுமையான புண்ணை உண்டாக்கும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதைவிட விரைவில். 50 டிகிரிக்கு அருகில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். தொட்டியில்லாத ஹீட்டரை 40 முதல் 45 டிகிரிக்குள் வைத்தால் போதும். தொட்டியுள்ளதில் அப்படிக் குறைத்துவைக்கக்கூடாது. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி பெருகும். தொட்டியை 60 டிகிரியில் வைத்து, குழாய்க்கு வருமுன் வெப்பத்தைத் தானே சரிசெய்யும் கலப்பு வால்வைப் பொருத்துவதே இரண்டுக்கும் பொதுவான தீர்வு. தொட்டியுள்ள ஹீட்டரில் வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறினால் நீரை வெளியேற்றும் வால்வு கட்டாயம். அது சொட்டுகிறது என்று அடைத்துவைப்பது வெடிப்புக்கு வழிவகுக்கும்.

உப்புத் தண்ணீரும் ஒடுக்க வகையும்

கடினநீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு வெப்பமாற்றியின் குழாய்ச் சுவரில் வெள்ளையாகப் படிகிறது. 60 டிகிரிக்கு மேல் படிவு விரைவாகும். கெட்டிலின் அடியில் காணும் அதே வெண்ணிறப் படலம்தான் இது. ஆனால் விரல் பருமன் குழாய்க்குள் படிவதால் ஓட்டத்தையும் சேர்த்து அடைக்கிறது. குறைந்த சூட்டில் இயக்குவது, மென்னீராக்கி வைப்பது, ஆண்டுதோறும் சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவுவது ஆகியவை தற்காக்கும். தொட்டியுள்ளதில் மெக்னீசியம் தண்டு ஒன்று தன்னை அரித்துக்கொண்டு தொட்டி துருப்பிடிக்காமல் காக்கிறது; அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அடுத்து அரிபடுவது தொட்டியே.

ஒடுக்க வகை ஹீட்டர்கள், புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்கின்றன. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகும். அதில் உள்ள வெப்பம் வீணாகாமல் பயன்படுவதால் இவற்றின் திறன் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒடுங்கிய நீர் அமிலத்தன்மை கொண்டது. அதற்குத் தனி வடிகால் வேண்டும். நாள்தோறும் நிறைய வெந்நீர் செலவாகும் வீட்டுக்கே கூடுதல் விலை திரும்பக் கிடைக்கும்.

பொருத்தும் நாளில் பார்க்க வேண்டியவை

1. சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் உணரி, அளவுமீறிய சூட்டில் நிறுத்தும் கருவி, அறையிலிருந்து காற்றை எடுப்பதானால் ஆக்சிஜன் 18 சதவீத அளவுக்கு இறங்கினால் நிறுத்தும் உணரி ஆகியவை இருப்பதைக் கையேட்டில் உறுதிப்படுத்த வேண்டும். இந்த உணரிகள் புகைக்குழாய்க்கு மாற்றாகா.

2. எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

3. சுடர் நீலமாக, அசையாமல் நிற்க வேண்டும். மஞ்சள் நுனியும் கரியும் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

4. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை ஹீட்டர் உள்ள பகுதியிலும், படுக்கையறைக்கு அருகிலும் வைக்க வேண்டும். சமையலறைக் கசிவைக் கண்டறியும் வாயு அலாரம் இதற்கு உதவாது. இரண்டும் வெவ்வேறு கருவிகள்.

5. இயல்பான இழுப்பில் இயங்கும் ஹீட்டராக இருந்தால், கதவையும் சன்னல்களையும் மூடி, வீட்டில் உள்ள எல்லா எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் போட்டு, ஹீட்டரைச் சில நிமிடங்கள் எரியவிட வேண்டும். பிறகு, புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள திறப்புக்கு அருகே, புகையும் ஊதுபத்தி ஒன்றைப் பிடிக்க வேண்டும். புகை குழாய்க்குள் இழுக்கப்பட்டால் சரி. அறைப்பக்கம் திரும்பி வந்தால், ஹீட்டரை அணைத்து, சன்னல்களைத் திறந்து, குழாயைச் சரிசெய்து, இதே சோதனையில் தேறும் வரை அதைப் பயன்படுத்தவே கூடாது.